சென்னையில் வீட்டுக்கு ஏசி மாட்ட உண்மையில் எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்காரர் சொல்லும் விலைக்கும் ஏசி ஓடத் தொடங்கும் நாளில் கையை விட்டுப் போயிருக்கும் தொகைக்கும் நடுவே பத்துப் பதின்மூன்றாயிரம் ரூபாய் இடைவெளி இருக்கும். அந்தப் பணம் எங்கே போகிறது, எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பதற்கான பதில்கள் இவை. சென்னையையும், அதே புழுக்கம் உள்ள கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களையும் மனதில் வைத்து எழுதியது. விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

மெஷின் விலை மட்டும் எவ்வளவு?

இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசியில் (அறைக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி; டன், ஸ்டார், இன்வெர்ட்டர் பற்றிக் கீழே) 1 டன் 3 ஸ்டார் ஏறத்தாழ 28,000 முதல் 36,000 ரூபாய். 1.5 டன் 3 ஸ்டார் 32,000 முதல் 42,000. அதே 1.5 டன்னில் 5 ஸ்டார் 40,000 முதல் 52,000 வரை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை யாராவது சொன்னால் அதை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

எல்லாம் சேர்த்து ஒரு அறைக்கு எவ்வளவு? ஓர் உதாரணக் கணக்கு வேண்டும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே 12க்கு 13 அடி படுக்கையறை. 1.5 டன் 5 ஸ்டார். மெயின் போர்டு ஹாலில், 12 மீட்டர் தள்ளி. அவுட்டோர் யூனிட் பக்கச் சுவரில். கணக்கு இப்படி வரும்:

மெஷின் 44,000
மாட்டும் கூலி 1,500
அவுட்டோர் ஸ்டாண்ட் 900
கூடுதல் காப்பர் பைப் 3 மீட்டர், மீட்டர் 900 வீதம் 2,700
போர்டிலிருந்து தனி லைன், ஒயர், கேசிங், எலக்ட்ரீஷியன் கூலி 3,000
எம்சிபியுடன் (கரண்ட் மிகையானால் தானே அணையும் சுவிட்ச்) ஏசி பாக்ஸ் 800
டிரெயின் பைப் (தண்ணீர் வடியும் குழாய்) நீட்டிப்பு 500
சுவரில் துளை 500
ஸ்டெபிலைசர் 3,500

மொத்தம் 57,400. மெஷினைத் தவிர்த்த செலவு 13,400. இதில் ஸ்டெபிலைசர் ஒன்றை மட்டும் சில வீடுகளில் தவிர்க்கலாம். ஏற்கெனவே ஏசி பாயிண்ட் போட்டிருக்கும் அடுக்ககம் என்றால் ஒயரிங் செலவும் போய், கூடுதல் தொகை ஐந்தாறாயிரத்தில் அடங்கிவிடும்.

‘இலவச இன்ஸ்டாலேஷன்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்குவோர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எது இலவசம்? பெரும்பாலும் கூலி மட்டுமே. ஸ்டாண்ட், மூன்று மீட்டருக்கு மேற்பட்ட பைப், கான்கிரீட் துளை எல்லாம் வீட்டு வாசலில் வைத்துச் சொல்லப்படும் கணக்கு. மீட்டருக்கு எவ்வளவு என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பேரம் நடக்காது.

என் அறைக்கு எத்தனை டன்?

டன் என்பது எடை அல்ல, வெப்பத்தை வெளியே தள்ளும் வேகம். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். 10க்கு 12 அடி அறை, மேலே இன்னொரு வீடு இருந்தால் 1 டன் போதும். அதே அறை மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குச் சுவர் வெயிலில் என்றால் 1.5 டன். 150 முதல் 180 சதுர அடிக்கு 1.5 டன். ஹாலும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகத் திறந்து கிடந்தால் 2 டன்னுக்கும் திணறும். நடுவில் ஒரு கனத்த திரை போடுவது இன்னொரு ஏசி வாங்குவதைவிட மலிவு.

மாடித் தளத்துக்கு வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட்டோ, பழைய முறையில் சுண்ணாம்போ அடித்தால் மேல்தள அறையின் சுமை கண்கூடாகக் குறையும். டன்னைக் கூட்டும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

பெரிய டன் வாங்கினால் சீக்கிரம் குளிருமே, அதில் என்ன தப்பு?

வறண்ட ஊரில் பெரிய தப்பில்லை. சென்னையில் தப்பு. இங்கே ஏசிக்கு இரண்டு வேலை: காற்றைக் குளிர வைப்பது ஒன்று, அதிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுப்பது இன்னொன்று. மே மாத இரவில் 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் துளிர்க்கும். இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) மேல் காற்று தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால்தான் அந்த ஈரம் காயிலில் துளிர்த்து வடிந்து டிரெயின் வழியே போகும்.

100 சதுர அடி அறையில் 2 டன் மாட்டினால் பத்தே நிமிடத்தில் 24 டிகிரி வந்துவிடும். கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும், காயில் சூடாகும், ஈரம் அறையிலேயே தங்கும். டிஸ்ப்ளேயில் 24, படுக்கை விரிப்பில் பிசுபிசுப்பு. உடனே 20க்கு இறக்குவோம். குளிரும், கசகசப்பும், கரண்ட் பில்லும் ஒன்றாக ஏறும். சரியான அளவு ஏசி மெதுவாகக் குளிர வைக்கும், ஆனால் விடாமல் ஓடி ஈரத்தை எடுக்கும்.

3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

ஸ்டாரைவிட, அந்த லேபிளில் இருக்கும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் (இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்ற அளவு, கூடினால் நல்லது) ஆண்டு யூனிட்டையும் பாருங்கள். ஸ்டாருக்கான அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள், அதனால் பழைய இருப்பில் உள்ள 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் உள்ள யூனிட் ஆண்டுக்கு 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. சென்னையில் இரவு 8 மணி நேரம் வீதம் எட்டு மாதம் ஓட்டினாலே 1,900 மணி நேரத்தைத் தாண்டும்.

இரண்டு லேபிள்களுக்கும் 250 யூனிட் வித்தியாசம், உங்கள் மேல்படிக் கட்டணம் (பில்லின் கடைசி யூனிட்டுகளுக்கான விலை) யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,250 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் 9,000 என்றால் நான்கு வருடத்தில் சரியாகும், ஓட்டம் கூடினால் அதற்கும் முன்னே. தினமும் ஓடும் படுக்கையறைக்கு 5 ஸ்டார், விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறைக்கு 3 ஸ்டார். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இன்வெர்ட்டர் ஏசி என்றால் கரண்ட் போனாலும் ஓடுமா?

ஓடாது. வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்றுக்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி தொடக்கத்தில் 1,500 வாட்டுக்கு மேல் இழுத்தாலும், அறை குளிர்ந்தபின் 400 முதல் 700 வாட்டில் ஓடும். 26 டிகிரியில் ஓர் இரவுக்கு 5 முதல் 6 யூனிட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் 300 முதல் 360 யூனிட் கூடும்.

தமிழ்நாட்டில் வலிப்பது யூனிட்டின் எண்ணிக்கை அல்ல, அது எந்தப் படியில் போய் விழுகிறது என்பதுதான். 2024 ஜூலை கட்டணப் பட்டியலின்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80 ரூபாய். 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் இருந்த மானிய விலையும் போய்விடும். 501வது யூனிட் தனியாக வருவதில்லை, கூடவே 250 ரூபாய்க்குக் குறையாமல் இழுத்துக்கொண்டுதான் வரும். அந்தப் பட்டியலில் 300 யூனிட் வீட்டுக்கு ஏறத்தாழ 700 ரூபாய் பில். ஏசியால் அது 650 ஆனால் ஏறத்தாழ 3,400. கட்டணம் திருத்தப்படும்போது எண்கள் மாறும்; உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில்தான் ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டுவதன் அருமை தெரியும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம். 26 டிகிரி வைத்து, ஃபேனை இரண்டில் ஓட விட்டால் 24 போலவே இருக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் டிரை மோட் (ஈரத்தை எடுப்பதற்கென்று ரிமோட்டில் உள்ள தேர்வு) போதும்.

ஈபியில் லோடு கூட்ட வேண்டுமா?

பழைய வீடுகளின் சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் பதிவான லோடு (இழுக்க அனுமதித்த மின்சார அளவு) ஒன்று அல்லது இரண்டு கிலோவாட்டாக இருக்கும். ஒரு ஏசி, ஒரு கீசர், ஒரு மோட்டார் சேர்ந்தாலே அதைத் தாண்டும். 4 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ், அதற்கு மேல் மூன்று ஃபேஸ். இரண்டாவது ஏசி வாங்கும் திட்டம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்வதே நல்லது. அதற்கான டெபாசிட்டும் கட்டணமும் மேலே போட்ட கணக்கில் சேரவில்லை.

மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஃபேஸ் போனதும் செலக்டர் சுவிட்சைத் திருப்பி ஏசி இருக்கும் லைனை இன்னொரு ஃபேஸுக்கு மாற்றுவது. விளக்குக்கும் ஃபேனுக்கும் சரி. இரண்டு ஏசியையும் ஒரே ஃபேஸில் ஏற்றினால் அந்த செலக்டரே முதலில் உருகும். கருகிய வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

எந்த ஒயர், எந்த எம்சிபி?

மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன். 1 டன்னுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், 1.5 மற்றும் 2 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர். 1.5 டன்னுக்குப் போர்டு பக்கத்திலேயே இருந்தால் 2.5 தாங்கும், ஆனால் சுவருக்குள் போகும் ஒயரில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது வீண். எம்சிபி 1 டன்னுக்கு 16 ஆம்ப், 1.5 டன்னுக்கு 20, 2 டன்னுக்கு 25, எல்லாமே சி கர்வ் (மோட்டார் கிளம்பும் நொடியில் கூடும் கரண்டைத் தாங்கும் வகை). எர்த் ஒயர் கண்டிப்பாக வேண்டும், அது உண்மையிலேயே எர்த்தில் போய்ச் சேர்கிறதா என்று டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கீசருக்கு இருந்த பாயிண்டிலிருந்து இழுப்பதும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதும் கூடாது.

ஸ்டெபிலைசர் தேவையா?

மெஷின் தாங்கும் வோல்டேஜ் எல்லையைப் பெட்டியிலும் கையேட்டிலும் போட்டிருப்பார்கள். மே மாதம் இரவு எட்டு மணிக்குமேல், தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது, உங்கள் வீட்டு வோல்டேஜை எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். அது மெஷினின் எல்லைக்குள் வசதியாக இருந்தால் வேண்டாம். அடிக்கடி விளக்கு மங்கினால் வேண்டும்: 1 டன்னுக்கு 3 கேவிஏ (ஸ்டெபிலைசரின் திறன் அளவு), 1.5 டன்னுக்கு 4 கேவிஏ. இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி (மின்னணுப் பலகை) ஒருமுறை போனால் ஆகும் செலவு ஸ்டெபிலைசரைவிட அதிகம்.

காப்பர் பைப்புக்கு ஏன் இவ்வளவு விலை? எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டு பைப்புகள் போகின்றன. மெல்லியது திரவத்துக்கு, தடித்தது வாயுவுக்கு. 1 டன்னுக்குப் பெரும்பாலும் கால் இன்ச்சும் மூன்றெட்டு இன்ச்சும், 1.5 டன்னுக்குக் கால் இன்ச்சும் அரை இன்ச்சும். சுவர் தடிமன் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பைப்பை வளைத்தால் வளைவில் நசுங்கும், ஃபிளேர் செய்தால் (இணைப்புக்காக முனையைப் புனல்போல் விரித்தால்) விளிம்பு கிழியும். இப்போது வரும் ஆர்-32 கேஸ் (பைப்புக்குள் சுற்றிக் குளிர வைப்பது), பழைய ஆர்-22வைவிட அதிக அழுத்தத்தில் ஓடுவது. காப்பர் நிறம் பூசிய அலுமினியமும் சந்தையில் உண்டு. வெட்டிய முனையில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இங்கே பைப்புக்குச் சமமான முக்கியத்துவம் அதன் மேலுள்ள கருப்பு ரப்பர் உறைக்கும் உண்டு. இரண்டு பைப்புக்கும் தனித்தனி உறை, மூடிய துளை கொண்ட நைட்ரைல் ரப்பர், 9 மில்லிமீட்டராவது, ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறதென்றால் 13. வாயுப் பைப் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும், வெளிக்காற்று 24 டிகிரியிலேயே வியர்க்கத் தயார். பெருவிரல் அகலத்துக்கு உறை இல்லாமல் விட்டாலும் அந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து இரண்டே வாரத்தில் சுவரில் மஞ்சள் கறை படரும். அப்படி விடுபடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: இன்டோர் யூனிட்டின் பின்னால், நட்டு இருக்கும் இணைப்பு. மெஷினைச் சுவரில் மாட்டுவதற்கு முன் அந்த இணைப்பின் மேல் உறை இழுத்து, டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியபின் கண்ணில் படாது.

பைப் நீளம் மூன்று மீட்டருக்குக் குறையக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். குறைந்தால் சத்தமும் அதிர்வும் அறைக்குள் வரும். கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டினால் கூடுதல் கேஸ் போட வேண்டும். 1.5 டன்னுக்கு மீட்டருக்குப் பெரும்பாலும் 15 முதல் 25 கிராம். இதைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கேஜை (அழுத்தமானி) பார்த்துக் கண்ணளவில் அல்ல.

வெளியே போகும் பைப் மீது அணிலும் எலியும் கண் வைத்திருக்கும். உறை மேல் வெள்ளை டேப் இறுக்கமாகச் சுற்றுவது, முடிந்தால் பிவிசி கேசிங்குக்குள் விடுவது, இரண்டும் செய்யத் தக்கவை.

மெக்கானிக் வேலை செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் வேக்கம் போடுவதை (பைப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பதை) பாருங்கள். பைப் இணைத்தபின் உள்ளே இருப்பது சென்னைக் காற்று, அதாவது ஈரக் காற்று. அந்த ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு கலந்து அமிலமாக மாறும், உள்ளுக்குள்ளேயே அரிக்கும். முதல் வருடம் எதுவும் தெரியாது. மூன்றாம் வருடம் கூலிங் குறையும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முறையான வேலை இப்படி நடக்கும். பைப் முனையை கட்டரால் வெட்டி, உள்விளிம்பில் உள்ள பிசிறை ரீமரால் எடுத்து, நட்டை முதலில் கோத்து, பிறகு ஃபிளேர் செய்ய வேண்டும். பிசிறைச் சீவும்போது பைப் முனை கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் உள்ளே போகும். ஃபிளேரில் கீறலோ கோணலோ இருந்தால் வெட்டித் திரும்பச் செய்ய வேண்டும். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, பிறகு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டுவது) இறுக்க வேண்டும்: கால் இன்ச்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச்சுக்கு 50 முதல் 62. பலமாக இறுக்கினால் லீக் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. மிகையாக இறுக்கிய நட்டில்தான் ஃபிளேர் விரிசல் விடும்.

அடுத்து வேக்கம் பம்ப். 15 முதல் 20 நிமிடம் ஓட வேண்டும். கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் 30 இன்ச்சை நெருங்கும். பம்பை நிறுத்தி, வால்வை மூடி, பத்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். இம்மியும் அசையாமல் நின்றால் இணைப்பு சரி. மெதுவாக ஏறினால் எங்கோ லீக் அல்லது உள்ளே இன்னும் ஈரம். அதன்பிறகே அவுட்டோர் யூனிட்டின் இரண்டு வால்வுகளையும் ஆலன் கீயால் முழுவதும் திறக்க வேண்டும். கடைசியாக நான்கு இணைப்புகளிலும் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது.

பம்ப் கொண்டுவராமல், வால்வைச் சற்றே திறந்து உள்ளிருக்கும் கேஸை ‘புஸ்’ என்று விட்டுக் காற்றைத் தள்ளுவது பரவலான குறுக்குவழி. அதில் ஈரம் போகாது, கேஸ்தான் போகும். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வகை என்பதால் மூடிய பால்கனியில் அது ஆபத்தும்கூட. அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு போக வேண்டிய மெக்கானிக்குக்கு இருபது நிமிடம் பெரிது. ‘வேக்கம் போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று முன்பே நயமாகச் சொல்லிவிடுவது உத்தமம்.

உள்ளே தண்ணீர் ஒழுகாமல் இருக்க என்ன செய்வது?

1.5 டன் ஏசி புழுக்கமான இரவில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்கும். விடிவதற்குள் ஒரு வாளி. அதனால் டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், நடுவில் எங்கும் மேடு இருக்கக் கூடாது. சுவர்த் துளை உள்ளிருந்து வெளியே சற்றே கீழ்நோக்கிச் சரிய வேண்டும். எதிர்ப்புறம் சரிந்தால் ஐப்பசி மழை வீட்டுக்குள் வரும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைவிட முக்கால் இன்ச் பிவிசி நல்லது. அதன் முனை வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கக் கூடாது, காற்று அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பும்.

மாட்டி முடித்ததும் இன்டோர் யூனிட்டின் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அன்றே சரி செய்யலாம். பக்கத்து வீட்டு சன்ஷேடில் சொட்ட விடுவது மட்டும் வேண்டாம், அந்தத் தகராறு ஏசியின் ஆயுளைவிட நீளும்.

அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது?

நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம். பின்பக்கம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டராவது, முன்பக்கம் 60 சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். மூடிய டக்ட்டுக்குள் (கட்டடத்தின் குறுகிய சந்து) வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுக்கும், கரண்ட் கூடும். பழைய அடுக்ககங்களின் சன்ஷேடு மேல் வைப்பதற்கு முன் அடிப்பக்கம் பாருங்கள். பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அதன் மேல் 30 கிலோ ஏற்றக் கூடாது, ஆள் ஏறி நிற்கவும் கூடாது. சர்வீஸ் செய்ய வருபவர் கை எட்டும் இடமா என்பதையும் யோசியுங்கள். எட்டாத இடம் என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் சாரத்துக்குத் தனிக் காசு.

கடலுக்கு அருகில் வீடு. வேறென்ன செலவு?

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற இடங்களில் உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் தகரத்தையும் ஃபின்களையும் (காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள்) தின்னும். சாதாரண இரும்பு ஸ்டாண்ட் சில ஆண்டுகளில் போல்ட் துளை அருகே பொத்துப்போகும். கால்வனைஸ் செய்ததோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். ஆங்கர் போல்ட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும், ஸ்டாண்ட் மட்டும் நல்லதாக இருந்து பயனில்லை. பூச்சுள்ள காப்பர் காயில் மெஷினே வாங்குங்கள். மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, அவுட்டோர் ஃபின்களை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவுவது செலவில்லாத வைத்தியம். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் பலன் தலைகீழ்.

வாடகை வீடு. ஸ்ப்ளிட் போடலாமா?

கழற்ற 700 முதல் 1,000, திரும்ப மாட்ட 1,500, பழைய பைப் வளைந்து நசுங்கியிருந்தால் புதுப் பைப், கழற்றியவர் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டாமல் விட்டிருந்தால் கேஸ் சார்ஜ் 2,500 முதல் 3,500. இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்தாயிரம் ஒதுக்க வேண்டும். ஜன்னலில் இடமும் வீட்டுக்காரர் சம்மதமும் இருந்தால் விண்டோ ஏசி புத்திசாலித்தனம். பைப் இல்லை, வேக்கம் இல்லை, தூக்கிக்கொண்டு போகலாம். சத்தம் அதிகம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வருடா வருடம் கேஸ் போட வேண்டுமா?

வேண்டாம். அது மூடிய சுற்று, பெட்ரோல் போல் தீர்ந்துபோகாது. கேஸ் குறைந்திருந்தால் லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுபவர் அடுத்த கோடையிலும் வருவார். கூலிங் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அழுக்கு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் வருடம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 600 முதல் 1,000 ரூபாய்.

எப்போது வாங்கினால் மலிவு?

ஆடித் தள்ளுபடியில் விலை இறங்குவதோடு மெக்கானிக்கும் அவசரமில்லாமல் வருவார். சித்திரையில் வாங்குபவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

ஏசியிலிருந்து வடியும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

கூடாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் காயிலைக் கழுவி வந்த தண்ணீர் அது, தூசியும் உலோகமும் கலந்திருக்கும். செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம்.